ஒரு சராசரியின் வரலாறு: நியூட்ரானின் ஆயுள் பற்றிச் சில குறிப்புகள்

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த ஒரு சிற்றிதழ்க் கூட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான அமர்வு. பாதிப்பேர் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். ‘அறிவியலும் ஒரு கதையாடல்தான்’ என்கிற, நம் வட்டாரத்தில் முப்பது வருஷமாகப் புழங்கித் தேய்ந்துபோன வாக்கியத்தை மூத்த கவிஞர் ஒருவர் மறுபடி எடுத்து வைத்தார். இந்தத் தடவை கையில் ஓர் உதாரணமும் இருந்தது. “தோழர், ஒரு நியூட்ரான் எவ்வளவு நேரம் உயிரோட இருக்கும்னு அவங்களுக்கே தெரியல. ஒரு லேப்ல கேட்டா 878 செகண்டுங்கறான். இன்னொரு லேப்ல கேட்டா 888ங்கறான். ரெண்டு பேருமே எங்க கணக்குல தப்பில்லைன்னு சத்தியம் பண்றான். இதுல எங்க இருக்கு உங்க புறவய உண்மை?” கூட்டம் விழித்துக்கொண்டது. கைதட்டல்கூட எழுந்தது.

மறுத்துப் பேசியவர் ஒரே ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். அவரும், “அதெல்லாம் சீக்கிரம் சரிபண்ணிருவாங்க சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் உண்மை என்று ஒன்று இல்லவே இல்லை என்கிற தெம்பு. மறுபக்கம் உண்மை தானாக நடந்துவந்து வாசலில் நிற்கும் என்கிற நம்பிக்கை. இரண்டுமே நமக்கு வேலை வைக்காத நிலைப்பாடுகள். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. நான் தமிழ் எம்.ஏ. சுவடி, பாடபேதம், பதிப்பு என்று படித்து வந்தவன். அந்தக் கண்ணோடுதான் பிறகு இந்த எண்களைத் தேடிப் படித்தேன். அந்தக் கண் இங்கே கொஞ்சம் உதவவும் செய்தது. கவிஞர் சொன்னதில் பாதி சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். அவர் விட்டுவிட்ட பாதியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் ‘ஆயுள்’ என்ற சொல். நிலையான அணுக்கருவுக்குள் கட்டுண்டிருக்கிற நியூட்ரான் சிதைவதில்லை. வெளியே தனித்து விடப்பட்ட நியூட்ரான்தான் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் ஆன்டிநியூட்ரினோவாகவும் சிதைகிறது. எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு மூப்பு கிடையாது. வெளியே வந்து அரைமணி நேரமான நியூட்ரானுக்கும் இந்த நொடி உலையிலிருந்து வெளிவந்த நியூட்ரானுக்கும் அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றேதான். ஆக 878 வினாடி என்பது எந்தத் தனி நியூட்ரானின் வயதும் இல்லை. அது கூட்டத்துக்கு மட்டுமே உரிய எண்: ஒரு கூட்டம் தன் தொடக்க அளவில் ஏறக்குறைய 37 சதவீதமாகக் குறைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம். பழைய கட்டுரைகளில் கூட்டம் பாதியாகக் குறையும் நேரத்தைத்தான், அதாவது அரை ஆயுளைத்தான், கொடுத்திருப்பார்கள். அதைச் சுமார் 1.44ஆல் பெருக்கினால் இன்றைக்கு வழக்கத்தில் இருக்கும் சராசரி ஆயுள் கிடைக்கும்.

பத்து வினாடி வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் எவ்வளவு நியூட்ரான் சிதையாமல் மிஞ்சியதோ அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு ஹீலியம் உண்டானது என்பது அமைந்தது. எடைக் கணக்கில் ஆதிப் பொருளின் கால் பங்கு ஹீலியம். ஆயுளில் பத்து வினாடி மாறினால் மொத்த எடையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு அந்தக் கணக்கு நகரும். சின்ன எண்தான். ஆனால் வானத்தைப் பார்த்து அளக்கிறவர்கள் இன்று அந்த நுணுக்கத்தை நெருங்கிவிட்டார்கள்.

*

1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். 1935இல் அவரும் மாரிஸ் கோல்டாபரும் அதன் நிறையைத் துல்லியமாக அளந்து, ஹைட்ரஜன் அணுவைவிட அது கனமானது என்று காட்டினார்கள். அப்படியானால் தனி நியூட்ரான் நிலைத்து நிற்காது, சிதைய வேண்டும் என்பதும் அப்போதே சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் அதைப் பார்ப்பதற்குப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. காரணம் எளிமையானது. பார்க்கும் அளவுக்கு நியூட்ரான் யாரிடமும் இல்லை. அவ்வளவு நியூட்ரானைக் கொட்டுவதற்கு அணு உலை வேண்டும். அணு உலை வருவதற்கு அணுகுண்டுத் திட்டம் வர வேண்டியிருந்தது.

இதை நான் அடிக்குறிப்பாகத் தள்ள விரும்பவில்லை. 1948இல் ஆர்தர் ஸ்னெல்லும் மில்லரும் நியூட்ரான் சிதைவின் முதல் தடயத்தைக் கண்ட இடம் ஓக் ரிட்ஜ். அங்கிருந்த உலை குண்டுத் திட்டத்துக்காக 1943இல் எழுப்பப்பட்டது. புளூட்டோனியம் எடுப்பது எப்படி என்று பழகிப்பார்த்த உலை அது. கனடாவின் சாக் ரிவரில் ஜான் ராப்சன் 1951இல் வெளியிட்ட அரை ஆயுள் 12.8 நிமிடம், கூடவோ குறையவோ 2.5 நிமிடம். அந்த நிலையமும் போர்க்கால அணுத் திட்டத்தின் பிள்ளைதான். மாஸ்கோவில் ஸ்பிவாக்கின் குழு அளந்தது சோவியத் குண்டு உருவான குர்ச்சாத்தவ் நிறுவனத்தில். பிற்பாடு 2021இல் மிக நுட்பமான அளவீடு வந்த இடம் லாஸ் அலமோஸ். நியூட்ரானின் ஆயுளை அளந்த வீடுகளில் முக்கியமான பல, மனிதர்களின் ஆயுளை முடிப்பதற்காகக் கட்டப்பட்டவை. ஆனால் இதைச் சொல்லிவிட்டதாலேயே 12.8 என்ற எண்ணைப் பற்றி எதுவும் சொன்னதாக ஆகாது. நம் விமர்சனக் கட்டுரைகளில் அடிக்கடி நடக்கிற தாவல் இதுதான்: ஒரு அறிவு பிறந்த இடத்தின் அதிகாரத்தைக் காட்டிவிட்டால் அந்த அறிவையே கட்டுடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வது. அந்த எண்ணில் என்ன கோளாறு என்று பார்க்க எண்ணுக்குள்ளேதான் போகவேண்டும்.

போய்ப் பார்ப்போம். ராப்சனின் எண்ணைச் சராசரி ஆயுளாக மாற்றினால் 1100 வினாடிக்கு மேல் வரும். 1959இல் ஸ்பிவாக்கின் குழு சொன்னது ஏறக்குறைய 1013 வினாடி, கூடக்குறைய 26. 1972இல் டென்மார்க்கின் ரிசோவில் கிறிஸ்டென்சனும் கூட்டாளிகளும் சொன்னது 918, கூடக்குறைய 14. பதின்மூன்று வருஷத்தில் நியூட்ரான் தன் ஆயுளில் 95 வினாடியை இழந்துவிட்டது! இழந்தது நியூட்ரான் இல்லை என்பது தெரிந்ததே.

இந்த ‘கூடக்குறைய’தான் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். ஒரு அளவையாளர் தருகிற முதல் எண் உலகத்தைப் பற்றியது. இரண்டாம் எண் அவரைப் பற்றியது. எவ்வளவு தூரம் நான் தப்பாக இருக்கலாம் என்று அவரே தன்னைப் பற்றித் தருகிற வாக்குமூலம் அது. அதில் ஒரு பகுதி எண்ணிக்கையால் வருவது. பத்தாயிரம் எண்ணினால் நூறு முன்னே பின்னே இருக்கும். கூடுதலாக எண்ணினால் விகிதம் குறையும். அதில் ரகசியம் எதுவும் இல்லை. மற்றப் பகுதி முறையால் வருவது. கருவி எங்கே ஏமாற்றுகிறது, எதை நான் கவனிக்காமல் விட்டேன் என்பது. கவனிக்காமல் விட்டதன் அளவை எப்படிக் கணக்கிடுவது? தெரிந்த தவறுகளுக்குத்தான் அளவு போட முடியும். 1959க்கும் 1972க்கும் நடுவில் விழுந்த 95 வினாடி, இருவரின் வாக்குமூலங்களையும் சேர்த்தாலும் அதற்குள் அடங்காது. யாரோ ஒருவரிடம், அவருக்கே தெரியாத ஒரு தவறு இருந்திருக்கிறது.

இதைவிடக் குறும்பான கதை அடுத்தது. 1978இல் அதே மாஸ்கோ குழுவிலிருந்து பொந்தரென்கோவும் மற்றவர்களும் வெளியிட்ட எண் 877, கூடக்குறைய 8. பத்து வருஷம் கழித்து ஸ்பிவாக் வெளியிட்ட எண் 891, கூடக்குறைய 9. அட்டவணைகளில் பழைய எண்ணின் இடத்தைப் புதியது எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் மற்றவர்களின் எண்கள் எங்கே கூடிக்கொண்டிருந்தன தெரியுமா? 890ஐ ஒட்டித்தான். 2021இல் கிடைத்த மிகச் சிறந்த எண் எது? 877.75. அதாவது 1978இல் சரியான இடத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் பிறகு கூட்டம் இருந்த பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். எந்த உள்நோக்கத்தோடும் என்று நான் சொல்லவில்லை. நேர்மையான திருத்தங்கள் அப்படி அமைந்திருக்கும். ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம்: கூட்டத்திலிருந்து விலகி நிற்கும்போது நம் தவறுகளைத் தேடுகிற அளவுக்கு, கூட்டத்தோடு நிற்கும்போது தேடுகிறோமா?

ஃபெய்ன்மன் 1974இல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் இதே நோயைப் பற்றிப் பேசினார். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மில்லிகன் கொஞ்சம் குறைத்து அளந்துவிட்டார். பின்னால் அளந்தவர்கள் சரியான எண்ணுக்கு ஒரே தாவலில் போகவில்லை, படிப்படியாகத்தான் ஏறினார்கள். பெரிய எண் வந்தால் எங்கோ தப்பு என்று துருவித் தேடினார்கள். மில்லிகனுக்குப் பக்கத்தில் வந்தால் தேடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஏமாற்று வேலை எதுவும் நடக்கவில்லை. தேடுவதை எங்கே நிறுத்துவது என்ற இடத்தில்தான் அதிகாரம் உட்கார்ந்திருந்தது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது புதிசில்லை. சோதனைக்கூடத்துக்குள்ளிருந்தே ஒருவர் இதைச் சொன்னார் என்பதுதான் நாம் மறந்துவிடுகிற செய்தி.

*

இப்போது கவிஞர் சொன்ன இரண்டு லேபுக்கு வருவோம்.

நியூட்ரானின் ஆயுளை அளக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று கற்றை முறை. உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையை ஒரு குழல் வழியாக ஓடவிடுவது. ஓடுகிற வழியில் சிலது சிதையும். சிதைந்தால் பிறக்கும் புரோட்டானை மின்புலமும் காந்தப்புலமும் போட்டுப் பிடித்து எண்ணுவது. எத்தனை நியூட்ரான் கடந்துபோனது என்பதைத் தனியாக எண்ணுவது. இரண்டு எண்ணிக்கையையும் வைத்து ஆயுள். மற்றது குடுவை முறை. மிகமிக மெதுவாக ஓடும் நியூட்ரானைப் பாத்திரத்தில் அடைத்துவைத்து, கொஞ்ச நேரம் கழித்து எத்தனை மிச்சம், நெடுநேரம் கழித்து எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பது. நியூட்ரானைப் பாத்திரத்தில் அடைக்கலாம் என்று 1959இல் யோசனை சொன்னவர் செல்தோவிச். 1968இல் தூப்னாவில் ஷபீரோவின் குழு அத்தகைய நியூட்ரான்களை வெளியே எடுத்துக் காட்டியது. அவற்றின் வேகம் ஒரு ஓட்டப்பந்தயக்காரரின் வேகத்துக்குள் அடங்கும். புவியீர்ப்பே அவற்றைப் பிடித்துவைக்கப் போதும். இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் எழும்பாது. பாத்திரத்துக்கு மூடிகூட வேண்டியதில்லை.

இரண்டு முறையும் எப்படித் தவறும் என்று பாருங்கள். குடுவையில் நியூட்ரான் சிதைந்தும் குறையும். சுவரில் உறிஞ்சப்பட்டும் குறையும். ஏதாவது இடுக்கு வழியாக வெளியேறியும் குறையும். கடைசியில் மிச்சத்தை மட்டும் எண்ணுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே கவனிக்காமல் விட்ட ஒவ்வொரு இழப்பும் ஆயுளைக் குறைத்துக் காட்டும். கற்றையில் நேர் எதிர். சிதைந்து பிறந்த புரோட்டான் ஏதோ காரணத்தால் பிடிபடாமல் போனால், அந்தச் சாவு பதிவாகாது. ஆயுள் கூடித் தெரியும்.

காணாமல் போனவர்களையெல்லாம் இறந்தவர்கள் பட்டியலில் எழுதுவது ஒரு முறை. பிணம் கிடைத்தால்தான் சாவு என்று எழுதுவது இன்னொரு முறை. இரண்டு கணக்குக்கும் நடுவில் விழுகிற எண்ணிக்கை எப்படிப்பட்டது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கே அது நூற்றுக்கு ஒன்று. 888க்கும் 878க்கும் உள்ள தூரம்.

ஆக, அந்தப் பத்து வினாடி அர்த்தமில்லாத இரைச்சல் அல்ல. குடுவை எண் சிறிதாகவும் கற்றை எண் பெரிதாகவும் இருப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இரண்டு முறைகளின் மறதியும் எந்தத் திசையில் சாயுமோ அந்தத் திசையில்தான் எண்களும் சாய்ந்திருக்கின்றன. கதையாடல்கள் இப்படித் திசை காட்டிச் சாய்வதில்லை.

*

குடுவைக்காரர்களின் பெரிய எதிரி சுவர். அதற்கு அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பாத்திரத்தின் அளவை மாற்றினால் நியூட்ரான் சுவரில் மோதும் எண்ணிக்கை மாறும். பல அளவுகளில் அளந்து, மோதலே இல்லாவிட்டால் ஆயுள் என்ன வரும் என்று கோட்டை நீட்டிக் கண்டுபிடிப்பது. சுவரே இல்லாத குடுவை. உலகத்தில் இல்லாத, காகிதத்தில் மட்டும் இருக்கிற பாத்திரம் அது. 1989இல் பிரான்ஸின் கிரனோபிளில் இருக்கும் லாவே-லாஞ்சவின் நிறுவனத்தில் மாம்பேயும் கூட்டாளிகளும் சுவருக்கு ஒரு விசேஷ எண்ணெய் பூசி, இப்படி நீட்டிச் சொன்ன எண் 887.6, கூடக்குறைய 3. அதுவரை இல்லாத நுட்பம். அதற்குப் பிறகு வந்த பல எண்கள் இதைச் சுற்றியே. 2000இல் அர்சுமானவும் மற்றவர்களும் சொன்னது 885.4, கூடக்குறைய ஒரு வினாடிதான். உலகச் சராசரி 885.7 என்று உட்கார்ந்துவிட்டது; கூடக்குறைய 0.8.

‘உலகச் சராசரி’ என்று யார் சொல்கிறார்கள்? பெர்க்லியை மையமாகக் கொண்டு இயங்கும் பார்ட்டிகிள் டேட்டா குரூப். 1957இல் முர்ரே கெல்-மானும் ஆர்தர் ரோசன்ஃபெல்டும் எழுதிய ஒரு கட்டுரையின் அட்டவணையில் முளைத்த முயற்சி. துகள் இயற்பியலின் எல்லா அளவீடுகளையும் திரட்டி, எடைபோட்டு, சராசரி எடுத்து, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு புத்தகமாகவும் கொடுத்து வந்தார்கள். (ரோசன்ஃபெல்ட் பிற்பாடு துகள்களை விட்டுவிட்டு, 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மின்சாரத்தை மிச்சம்பிடிப்பது எப்படி என்பதில் இறங்கியவர். அது தனிக்கதை.)

பதிப்புத்துறை தெரிந்தவர்களுக்கு இது பழக்கமான பிரச்சினை. பத்துச் சுவடி பத்துவிதமாகப் பாடம் காட்டினால் என்ன செய்வது? 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா. முன்னால் நின்ற கேள்வியும் இதுதான். ஆனால் ஒரு வித்தியாசம். எந்தப் பதிப்பாசிரியரும் இரண்டு பாடங்களுக்கு நடுவில் ஒரு சராசரிப் பாடம் எழுத மாட்டார். ‘மலர்’ என்று ஒரு சுவடியும் ‘மலை’ என்று ஒரு சுவடியும் சொன்னால் பாதி மலையும் பாதி மலருமாக ஒன்றை அச்சடிக்க முடியாது. ஒன்றை மேலே ஏற்றி மற்றதைக் கீழே குறிப்பில் போட வேண்டும். எண்களோடு வேலை செய்பவர்களுக்குத்தான் இந்தச் சலுகை. இரண்டு எண் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஒரு எண்ணைப் போடலாம். ஆனால் அந்த எண்ணை யாரும் அளக்கவில்லை. ஒருவர் தவறு என்றால், நடுவில் இருப்பதும் தவறு. இது பார்ட்டிகிள் டேட்டா குரூப்புக்கும் தெரியும். எண்கள் தங்கள் வாக்குமூலங்களுக்கு மேல் சிதறிக் கிடந்தால், சிதறலின் அளவுக்கேற்பச் சராசரியின் பிழையைப் பெருக்கிவிடுவார்கள். ‘நீங்கள் எல்லோரும் உங்கள் தவறைக் குறைத்துச் சொல்லியிருக்கிறீர்கள், யார் என்று தெரியாததால் எல்லோருக்கும் அபராதம்’ என்கிற மாதிரி. நாட்டாமைத் தீர்ப்புத்தான். ஆனால் நேர்மையான நாட்டாமை.

2005இல் இந்தச் சராசரியின் மேல் ஒரு கல் விழுந்தது. ரஷ்யாவின் கச்சினாவைச் சேர்ந்த அனத்தோலி செரெப்ரோவ், கிரனோபிளில் வைத்து அளந்து ஒரு எண்ணை வெளியிட்டார்: 878.5; கூடக்குறைய ஒரு வினாடிக்கும் கீழே. அவருடைய பாத்திரம் வேடிக்கையானது. வாய் மேல்நோக்கி இருக்கும்போது புவியீர்ப்பு நியூட்ரானைப் பிடித்துவைக்கும். எண்ண வேண்டிய நேரம் வந்தால் குடத்தைச் சாய்த்து ஊற்றுவதுபோல் சுழற்றிக் கொட்டலாம். சுவரை நன்றாகக் குளிரவைத்ததால் இழப்பு மிகவும் குறைந்துவிட்டது. சுவரில்லாத குடுவையை நோக்கிக் கோட்டை நீட்ட வேண்டிய தூரமும் சில வினாடிகளாகச் சுருங்கிவிட்டது. முந்தைய சோதனைகளில் இந்தத் தாவல் மிகப் பெரியது. இன்னொன்றையும் கவனிக்கணும்: 1992இல் 888.4 என்று சொன்ன குழுவிலும் செரெப்ரோவ் இருந்தார். அவர் மறுத்தது மற்றவர்களை மட்டுமில்லை.

உலகச் சராசரியிலிருந்து இந்த எண் நின்ற தூரம், பிழை எல்லையைப்போல ஆறு மடங்குக்கு மேல். என்ன செய்வது? 2006 பதிப்பில் அவர்கள் செரெப்ரோவின் எண்ணைப் பட்டியலில் போட்டார்கள், சராசரியில் சேர்க்கவில்லை. இவ்வளவு விலகி நிற்கும் ஒன்றைச் சேர்த்துச் சராசரி எடுப்பது அர்த்தமற்றது, துறையில் வேலை செய்பவர்கள்தான் இதைத் தீர்க்க வேண்டும் என்றார்கள். அதோடு, இந்த முரண் விளங்கும்வரை தங்கள் சராசரியையே சந்தேகத்துக்குரியதாகக் கொள்ள வேண்டும் என்றும் எழுதினார்கள். இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். மையம் விளிம்பை வெளியே நிறுத்திவைத்தது என்பது ஒரு வாசிப்பு. நம் கவிஞருக்குப் பிடிக்கும். ஆனால் தன் மையத்தின்மேலேயே ‘இது சந்தேகத்துக்குரியது’ என்று முத்திரை குத்திப் புத்தகம் போட்ட அதிகாரத்தை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. நம் இலக்கிய வரலாற்று நூல்களில் இப்படி ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

அடுத்த ஐந்தாறு வருஷம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் 1985இல் ஒரு சுழலைக் காட்டினார்: கருவி சரியா என்று தெரிய சரியான விடை வேண்டும்; சரியான விடை தெரிய நல்ல கருவி வேண்டும். வெளியேற வழியில்லை, கடைசியில் சமூக ஏற்பாடுதான் முடிவு செய்யும் என்கிறது அந்த வாதம். நியூட்ரான் விஷயத்தில் 2005இல் இந்தச் சுழல் அப்படியே இருந்தது. ஆனால் ஆட்கள் சுழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கவில்லை. நியூட்ரான் எங்கே காணாமல் போகிறது, சூடாகி எப்படித் தப்புகிறது, பாத்திரத்தில் இருக்கக் கூடாத வேகத்தில் எது நெடுநேரம் தங்கிவிடுகிறது என்று துருவினார்கள். 2010இல் கிரனோபிளிலேயே பிஷ்ல்மையர் குழுவின் புதிய அளவீடு 880.7 என்று வந்தது. மாம்பேயின் பழைய தரவுகள் மறுபடி கணக்கிடப்பட்டு 882ஐ ஒட்டி இறங்கின. அர்சுமானவின் குழுவே 2012இல் தன் 885.4ஐத் திருத்தி 881.6 என்றது. அதே வருஷப் பதிப்பில் செரெப்ரோவ் உள்ளே வந்துவிட்டார். சராசரி 880.1.

இங்கே என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988இல் எண்கள் மேலே போனது கூட்ட மனோபாவம் என்றால், 2012இல் கீழே வந்ததும் அதுவாக ஏன் இருக்கக்கூடாது? புதிய மில்லிகன் வந்துவிட்டார், எல்லோரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்று ஏன் சொல்லக்கூடாது? சொல்லலாம். இந்தக் கேள்விக்குத் தத்துவத்தில் பதில் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் லாஸ் அலமோஸில் ஒரு வேலைமுறையாகப் பதில் வந்தது.

அங்கே சுவரே வேண்டாமென்று முடிவு செய்தார்கள். ஆயிரக்கணக்கான நிலைக்காந்தங்களை அடுக்கி ஒரு தொட்டி. நியூட்ரான் எதையும் தொடாமல் காந்தப்புலத்தின்மேல் மிதக்கும். மேல்பக்கம் புவியீர்ப்பு காவல். 20 வினாடி வைத்து எண்ணுவது, 1550 வினாடி வைத்து எண்ணுவது. இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த ஏற்பாடு. தரவுக்குள் தங்களுக்கே தெரியாத ஒரு நேர மாற்றத்தைக் கலந்து வைத்துவிட்டார்கள். ஆகவே கணக்குப் போடுகிற யாருக்கும் தன் விடை 878ஐ நோக்கிப் போகிறதா, 888ஐ நோக்கிப் போகிறதா என்று தெரியாது. மூன்று குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டன. எல்லாத் திருத்தமும் முடிந்து, இனி மாற்றமில்லை என்று மூன்றும் ஒப்புக்கொண்ட பிறகே மறைத்துவைத்த எண் அவிழ்க்கப்பட்டது. தேடுவதை நிறுத்தும் இடத்தில் அதிகாரம் உட்காரும் என்றேனே, அந்த நாற்காலியை எடுத்துவிடுகிற ஏற்பாடு இது. 2021இல் அவர்கள் வெளியிட்டதுதான் 877.75, கூடக்குறைய வினாடியில் மூன்றில் ஒரு பங்கு.

கற்றைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்கில் இருக்கும் நிஸ்ட் நிறுவனத்தில் 2005இல் சொன்ன எண் 886.3, கூடக்குறைய 3.4. நியூட்ரானை எண்ணும் கருவியைப் புதிதாகத் தரப்படுத்திக்கொண்டு 2013இல் மறுபடி கணக்கிட்டார்கள். 887.7; கூடக்குறைய 2.2. எண் அசையவில்லை, வாக்குமூலம்தான் இறுகியது. இரண்டு முறைகளுக்கும் நடுவிலான விரிசல் இதோடு வெளிச்சத்துக்கு வந்தது. 2018இல் ஃபோர்னாலும் கிரின்ஸ்டைனும் ஒரு தைரியமான யோசனை சொன்னார்கள்: ஒருவேளை இரண்டுமே சரியோ என்னவோ? நூற்றில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறாமல், நம் கருவிக்குத் தெரியாத ஏதோ இருட்டுத் துகளாகச் சிதைந்தால் குடுவையில் அது குறையும், கற்றையில் பதிவாகாது. அழகான யோசனை. அந்தச் சிதைவோடு வெளிவர வேண்டிய ஒளியை அதே வருஷம் லாஸ் அலமோஸில் தேடினார்கள், கிடைக்கவில்லை. அப்படி ஒரு துகள் இருந்தால் நியூட்ரான் நட்சத்திரங்கள் இன்றைக்கு நாம் பார்க்கும் நிறையில் நிற்க முடியாது என்றும் சிலர் காட்டினார்கள். யோசனையின் வேறு சில வடிவங்கள் பாக்கி இருக்கின்றன. அவற்றின்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

கவிஞரை மறுபடி ஒரு புத்தகக் கடையில் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சரி தோழர், அப்ப அந்த 888காரன் பொய் சொல்றானா?” என்றார். இல்லை. அவருடைய புரோட்டான் எங்கே தொலைகிறது என்று யாராலும் இதுவரை காட்ட முடியவில்லை. காட்டாதவரை அவரைத் தவறு என்று சொல்வதற்கு அவர் சிறுபான்மை என்பதைத் தவிர நம்மிடம் காரணம் கிடையாது. அந்தக் காரணம் 2006இலும் இருந்தது. அப்போது செரெப்ரோவுக்கு எதிராக. “அப்ப நான் சொன்னதுதானே!” என்று சிரித்தார். அவர் சொன்னது அதுவல்ல என்று விளக்குவதற்குள் அவருக்குப் பஸ் வந்துவிட்டது.

2020 பதிப்பில் பார்ட்டிகிள் டேட்டா குரூப் குடுவைச் சோதனைகளை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தது: 879.4. கற்றையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைத்தது. 2022இல் 878.4, கூடக்குறைய 0.5. அந்த அரை வினாடிகூட அபராதம் போட்டுப் பெருக்கியதுதான். ஏனென்றால் குடுவைகளுக்குள்ளேயே இன்னும் முழு ஒற்றுமை இல்லை. செரெப்ரோவே 2018இல் பெரிய பாத்திரம் ஒன்றில் அளந்து 881.5 என்று சொல்லியிருக்கிறார். 887.7 பட்டியலில் இருக்கிறது, சராசரியில் இல்லை. நிஸ்ட்காரர்கள் இன்னும் பெரிய கற்றைக் கருவிக்குத் திட்டமிட்டு வேலை செய்கிறார்கள்.